பனிக்காலத்து விருந்தாளிகள்



பனிக்காலம் என்றவுடன் மலை முகடுகளில் வெண்பனி மூடிக் கிடக்கும் காட்சியே நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகிறது. நாட்காட்டிப் படங்களும் பாடநூல்களும் அவர்களுக்கு அவ்வாறே பழக்கியிருக்கின்றன. முத்துப்பேட்டைக் கழியை ஒட்டி வாழும் எங்களைப் போன்றோருக்குப் பனிக்காலம் அத்தனை ஆரவாரத்துடன் வருவதில்லை. இங்கே இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. வடநாட்டார் கேட்டால் நகைப்பர். எனினும் அதிகாலைத் தொழுகைக்கு எழுந்து, ஹவுளின் நீரில் கையை நனைக்கும்போது முழங்கை வரை ஒரு சிலிர்ப்பு ஓடுகிறதே, அது எங்களுக்குப் போதுமான குளிர்தான்.

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வெயிலுக்குப் பெயர் போன ஒரு நாட்டில் ஆண்டின் சரிபாதியைக் குளிருக்கும் பனிக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்! கோடையைத் தாங்கிக்கொண்டு, பனியை எதிர்பார்த்திருந்த மக்களின் கணக்கு அது என்றே எனக்குத் தோன்றுகிறது. எதை விரும்புகிறோமோ அதைத்தானே நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிட்டு மகிழ்வோம்!

அடுக்களையில் பனிக்காலம்

பனிக்காலத்தின் வருகையை எங்கள் தெருவில் முதலில் அறிவிப்பது அடுக்களைதான். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்ந்து கொதிக்கும் மணம் விடியுமுன்னரே வீட்டுக்கு வீடு எழும். வெள்ளிக்கிழமைப் பசியாறலுக்கு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் இடம்பெறும். முந்தைய இரவே அடுப்பிலேற்றி, இளந்தீயில் வேகவிட்டு, எலும்பின் சாறு முழுவதும் இறங்கிய பின்னர் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கும் அந்தப் பாயாவுக்குக் கோடையில் மதிப்பில்லை. தை பிறந்தால் பனங்கிழங்கு வந்துவிடும். மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, நாரை உரித்து, நடுவிலுள்ள குருத்தை எடுத்துவிட்டுக் கடித்துத் தின்னும் சுகத்தை நகரத்துப் பிள்ளைகள் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. மொச்சைக்கொட்டையிட்ட கறி ஆணம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கழியில் பிடித்த மடவை மீன் என்று நாவுக்கு இது ஒரு நல்ல காலம்.

இந்தப் பட்டியலில் மற்றொன்றும் எங்கள் பகுதியில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்தி மயங்கும் நேரத்தில் மிதிவண்டியின் பின்புறம் ஒரு பையைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். கூவி விற்க மாட்டார். தெரிந்த வீட்டு வாசலில் மட்டும் மணியை இருமுறை அடிப்பார். பைக்குள் உள்ளான் இருக்கும். கழியின் சேற்று நிலத்தில் கூட்டமாக இறங்கி மேயும் சிறு பறவை அது. 'பனிக்கு உள்ளான் கறி சூடு. நெஞ்சுச் சளி கரையும். பிள்ளை பெற்றவளுக்கு நல்லது' என்று மூத்த பெண்கள் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். எங்கள் உம்மா மட்டும் அதை வாங்கியதில்லை. காரணம் கேட்டால், 'உரிக்கிற வேலைக்கு உள்ள கறி இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

நான் இன்று எழுத வந்தது இந்த உள்ளானைப் பற்றித்தான்.

ஒரு தட்டுக் கறி

சென்ற ஆண்டு மார்கழியில் ஒருநாள் இரவு பக்கத்து வீட்டு மாமி ஒரு தட்டைக் கொடுத்தனுப்பினார்கள். மேலே ஒரு கைக்குட்டை மூடியிருந்தது. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த உள்ளான் கறி. என் மனைவி நன்றி சொல்லி வாங்கி வைத்தார். எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து வரும் தட்டை வேண்டாம் என்று சொல்லும் வழக்கமில்லை. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கமும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகன் தட்டைத் திறந்து பார்த்தான். உள்ளே பத்துப் பறவைகள் இருந்தன. ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தது. 'வாப்பா, இது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா?' என்று கேட்டான். 'கழியிலிருந்து' என்றேன். 'கழிக்கு எங்கேருந்து வந்துச்சு?' என்று மறுபடியும் கேட்டுவிட்டுக் கைபேசியை எடுத்து வந்தான்.

இணையத்தைப் பற்றி நம் இதழ்களில் எச்சரிக்கைக் கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உண்மையே. ஆயினும் அந்த ஓராண்டில் என் மகன் அந்தச் சிறு கண்ணாடித் திரையில் தேடிச் சேர்த்திருந்த செய்திகளைப் பார்த்தபோது, கிணற்றில் நஞ்சும் இருக்கலாம், நன்னீரும் இருக்கலாம். வாளி எங்கே இறங்குகிறது என்பதே கேள்வி என்று எண்ணினேன்.

மகன் காட்டிய வரைபடம்

அவன் முதலில் காட்டியது நம் ஊர்ப் பறவையைப் பற்றியதன்று. உள்ளானின் உறவுப் பறவையான பட்டைவால் மூக்கன் ஒன்றின் பயண வரைபடம் அது. 2022 அக்டோபர் 13ஆம் நாள் அலாஸ்காவிலிருந்து அப்பறவை புறப்பட்டது. முதுகில் சூரிய ஒளியால் இயங்கும் ஒரு சிறு கருவி. அதன் எடை 5 கிராம். செயற்கைக்கோள்கள் அக்கருவியைப் பின்தொடர்ந்தன. பசிபிக் பெருங்கடலின் மேலே ஒரு கோடு தெற்கு நோக்கி இறங்குகிறது. எங்கும் நிற்கவில்லை. அக்டோபர் 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாத் தீவில் அது தரையிறங்கியது. 11 நாட்களில் 13,560 கிலோமீட்டர்! வழியில் உணவில்லை, நீரில்லை, வாத்தைப் போல் கடலில் மிதந்து இளைப்பாறவும் அதனால் இயலாது. அப்போது அப்பறவையின் வயது ஐந்தே மாதம்.

இது எவ்வாறு இயலும் என்பதை ஆய்வாளர்கள் விளக்கியிருக்கின்றனர். புறப்படுமுன் இப்பறவைகள் வயிறார உண்டு, உடல் எடையில் ஏறக்குறையப் பாதியைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கின்றன. அதன்பின் இரைப்பை, குடல், ஈரல் ஆகியவை சுருங்கிவிடுகின்றன. பறக்கும் நாட்களில் உண்ணப் போவதில்லை ஆதலின் அவற்றின் சுமை வேண்டாம் என்பதுபோல் உடலே அவற்றைக் குறைத்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த பின்னர் அவை மீண்டும் வளர்கின்றன. ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது பெட்டியின் எடையைப் பலமுறை நிறுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் என் நினைவுக்கு வந்தனர்.

அடுத்து அவன் நம் தட்டுக்கு வந்தான். நாம் 'உள்ளான்' என்று ஒரே பெயரால் அழைப்பதற்குள் பல இனங்கள் உள்ளன. அவற்றில் மிகச் சிறியதைக் கொசு உள்ளான் என்பர். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். வளைந்த அலகுடைய மற்றோர் உள்ளான் சுமார் 60 கிராம் இருக்கும். இவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ரஷ்ய நாட்டின் வடகோடியில், மரங்களே வளராத சைபீரியத் தூந்திர வெளியில். தைமிர் என்னும் அத்தீபகற்பத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தாலே 7,000 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. நடுவே ஆசியாவின் பாலைகளும் மலைத்தொடர்களும் கிடக்கின்றன. அங்கு கோடை என்பது சில வாரங்களே. அதற்குள் நான்கு முட்டையிட்டு, குஞ்சுகள் சிறகு முளைத்தெழ வேண்டும். வளைந்த அலகுடைய உள்ளானில் ஆண் பறவைகள் முதலில் தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகள் சற்று வளர்ந்ததும் தாய்ப் பறவைகளும் கிளம்பிவிடும். பின்னர் அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள் தாமாகவே புறப்பட்டு, ஒரு முறையும் பார்த்திராத கடற்கரையை நோக்கி வருகின்றன. வழிகாட்டப் பெற்றோர் இல்லை. எந்தப் பள்ளியில் பயின்றன அவை? படைத்தவன் அந்தச் சிறு தலைக்குள் எழுதி வைத்த பாடம் அது என்பதைத் தவிர, ஓர் ஆசிரியனாகிய எனக்குச் சொல்ல வேறொன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் முதலே இவை நம் கரைக்கு வரத் தொடங்குகின்றன. சித்திரையில் பெரும்பாலானவை திரும்பிவிடும். நாம் சிலிர்த்துக்கொள்ளும் இந்த மார்கழிக் குளிர், அவற்றுக்குப் பெருங்குளிரிலிருந்து தப்பி வந்தடைந்த வெதுவெதுப்பு!

மகன் ஒரு கணக்கும் போட்டான். தட்டிலிருந்த பத்தும் கொசு உள்ளானாக இருந்தால், உயிரோடு இறகும் எலும்புமாகச் சேர்த்து அவற்றின் மொத்த எடை கால் கிலோ. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு நாட்டுக்கோழிக்கு ஈடாக அறுபது பறவைகள் வேண்டும். உம்மா சொன்ன அந்த ஒரே வரியின் கணக்கு இவ்வளவு சரியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மஞ்சள் தொண்டைக் குருவி

உண்பதா, அறிவதா என்னும் இந்தக் கேள்வி நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. நூற்றாண்டுக்கு முன் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் இதே கேள்வி எழுந்தது. தாய் தந்தையரை இழந்து, மாமா அமீருத்தீன் தய்யப்ஜியின் வீட்டில் வளர்ந்த சிறுவன் ஒருவன், விளையாட்டுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளைச் சுட்டு, முறைப்படி அறுத்து, கறி சமைக்கக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்றைக் கண்டான். இது வழக்கமான சிட்டுக்குருவிதானா, இதை உண்ணலாமா என்று அவனுக்கு ஐயம் பிறந்தது. மாமாவிடம் எடுத்துச் சென்றான். அவருக்கும் தெரியவில்லை. அவர் 'எதுவானால் என்ன' என்று சொல்லி முடித்துவிடாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அவனை அனுப்பி வைத்தார். அங்கிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் அது மஞ்சள் தொண்டைக் குருவி என விளக்கி, கழகம் சேர்த்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896 - 1987). தம் வாழ்க்கை வரலாற்றை 1985இல் வெளியிட்டபோது, அதன் பெயரிலேயே ஒரு குருவியின் வீழ்ச்சியைக் குறிப்பிட்டார்.

அவர் நமக்கு அயலாரும் அல்லர். 1962இல் கோடிக்கரைக்கு வந்து, பறவைகளுக்கு அது எத்துணை இன்றியமையாத இடம் என்பதை உணர்ந்து எடுத்துரைத்தவர் அவர். 1967இல் கோடிக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பம்பாய்க் கழகத்தார் அங்கு ஆய்வு நிலையம் அமைத்து, பறவைகளின் கால்களில் எண் பொறித்த வளையங்களை இட்டுவந்தனர். 'பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் அவ்வளையங்களில் இருக்கும். அத்தகைய வளையத்தைத் தொலைதூர நாட்டில் ஒருவர் கண்டு எழுதினால்தான் பறவை சென்ற வழி தெரியும். இன்று செயற்கைக்கோள் செய்யும் வேலையை அன்று ஓர் அஞ்சலட்டை செய்தது!

ஒரே சேறு, இரண்டு பந்தி

மகன் காட்டியவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்தியது, செயற்கைக்கோள் எடுத்த நம் ஊர்ப் படம். கோரையாறு, பாமணியாறு முதலிய காவிரியின் கிளைகள் வந்து கலக்கும் அகன்ற கழி, அதைச் சுற்றிக் கரும்பச்சையாக அலையாத்திக் காடு, அதற்கும் கடலுக்கும் இடையே சாம்பல் நிறச் சேறு. 'அலையாத்தி' என்ற பெயரே அழகானது. அலையை ஆற்றுவது, தணிப்பது என்று பொருள். கோடிக்கரையோடு சேர்ந்து இந்தப் பகுதி 2002இல் ராம்சார் என்னும் உலகச் சதுப்புநிலப் பட்டியலில் இடம்பெற்றது. 2022 வரை தமிழகத்திலிருந்து அப்பட்டியலில் இருந்த ஒரே இடம் இதுதான்.

அந்தச் சாம்பல் நிறச் சேற்றைப் பார்த்தால் யாருக்கும் அது பயனற்ற நிலமாகவே தோன்றும். அதனுள்ளே புழுக்களும் சிறு நத்தைகளும் இறால் குஞ்சுகளும் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஓதம் வற்றும்போது உள்ளான்கள் இறங்கி அலகால் குத்தி அவற்றை எடுக்கின்றன. ஓதம் ஏறும்போது அதே சேற்றின் மேல் மடவையும் கொடுவாவும் நண்டும் மேய்கின்றன. அவற்றை நாம் பிடித்து உண்கிறோம். ஆக, ஒரே சேறுதான் இரண்டு பந்திகளுக்கும் உணவிடுகிறது. முதல் பந்தியில் பறவைகள், அடுத்த பந்தியில் நாம். பறவைகள் திரளாக வந்து இறங்குகின்றன என்றால் சேறு நலமாயிருக்கிறது என்று பொருள். அவை வருவது குறைந்தால், நம் மீன் ஆணத்துக்கும் அது ஓர் எச்சரிக்கையே.

மாமிக்குச் சொன்னது

அந்தத் தட்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் காலையில் என் மனைவி அதைத் தாமே எடுத்துச் சென்றார். கூடவே வட்டிலப்பம் செய்து கொண்டுபோனார். உண்ணாமல் உண்டதாகச் சொல்லுவது எளிது. அதில் அவருக்கு உடன்பாடில்லை. 'மாமி, தப்பா நினைச்சுக்காதீங்க' என்று தொடங்கி, விவரத்தைச் சொல்லியிருக்கிறார். மாமிக்கு மனத்தாங்கல் உண்டாகிவிட்டது. 'ஏன் புள்ள, நான் என்ன ஆகாததையா குடுத்தேன்? அறுத்த கறிதானே?' என்று கேட்டார்களாம்.

கேள்வி நியாயமானதே. ஆகுமான உணவுகள் எல்லாவற்றையும் ஒருவர் உண்டே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதை மாமி நம்மைவிட நன்றாக அறிவார்கள். முட்டை ஒவ்வாத தம் பேரனுக்கு முட்டை கொடுப்பதில்லையே! மேலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும். ஆனால் சட்டத்தைச் சொல்லி அண்டை வீட்டாரின் மனத்தை மாற்ற முடியுமா?

ஒரு வாரம் அவ்வீட்டிலிருந்து தட்டு வரவில்லை. பின்னர் ஒருநாள் மாலை என் மகன் கைபேசியுடன் மாமியின் திண்ணையில் அமர்ந்து அந்த வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். மாமியின் மூத்த மகன் தம்மாமில் பணிபுரிகிறார். இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். மாமி கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு, சைபீரியாவிலிருந்து நம் கழி வரை தம் விரலை மெதுவாக நகர்த்திப் பார்த்தார்கள். 'தம்மாம் இதுல எங்கே இருக்கு?' என்று கேட்டார்கள். அவன் காட்டினான். 'அது கிட்டத்துலதானே இருக்கு' என்றார்கள். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பனிக்காலத்தில் அவ்வீட்டு வாசலில் மிதிவண்டி மணி பிறகு ஒலிக்கக் கேட்கவில்லை.

வலை விரிப்பவரின் வீடு

இத்துடன் முடித்துவிட்டால் இது பாதிக் கதையாகவே இருக்கும். மிதிவண்டியில் வருபவரை நான் அறிவேன். அவருடைய மகன் எங்கள் மதரஸாவில் மாலை வகுப்புக்கு வருகிறான். அவருக்கு முன்னர் தென்னந்தோப்புகளில் காய் பறிக்கும் வேலை இருந்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, எங்கள் வட்டாரத்துத் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கன்று நட்டுக் காய்க்க ஆண்டுகள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் மனிதர் என்ன செய்வார்? கழியில் வலை கட்டக் கற்றுக்கொண்டார்.

அவரிடம் பேசினேன். அவர் மறைக்கவில்லை. 'ஹஜரத், எனக்கு மட்டும் ஆசையா? ராத்திரி முழுக்க இடுப்பளவு சேத்துல நிக்கணும். காலு வெடிச்சுப் போச்சு. வாங்குறவங்க இருக்காங்க, புடிக்கிறேன். நாளைக்கே யாரும் வாங்கலைன்னா நான் ஏன் போறேன்?' என்றார்.

அவருடைய சொற்கள் என்னை யோசிக்க வைத்தன. பறவையைப் பிடிப்பவரைக் குறைகூறிவிட்டு, வாங்குகிறவர்களாகிய நாம் விலகி நின்றுகொள்கிறோம். வலை கழியில் கட்டப்பட்டிருக்கலாம். அதன் கயிற்றின் மறுமுனை நம் அடுக்களைகளில்தான் முடிச்சிடப்பட்டிருக்கிறது.

இதற்கும் இணையத்தில் ஒரு முன்மாதிரி கிடைத்தது. கரண்டி போன்ற அலகுடைய உள்ளான் ஒன்று உண்டு. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் குஞ்சு பொரித்து, வங்காள விரிகுடாவின் கரைகளுக்குக் குளிர்காலத்தில் வருவது. ஒரு காலத்தில் நம் கோடிக்கரையிலும் பதிவாகியிருக்கிறது. இப்போது உலகில் எஞ்சியிருப்பவை சில நூறுகளே. 2008 முதல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரை அடுத்த சோனாதியாத் தீவில் ஏழை வேட்டைக்காரர்கள் உணவுக்காகக் கரைப்பறவைகளை வலையிட்டுப் பிடித்து வந்தனர். அவற்றுடன் இந்த அரிய பறவையும் சிக்கியது. அங்குப் பணியாற்றிய பறவை ஆர்வலர்கள் அவர்களைத் தண்டிக்கச் சொல்லி ஓடவில்லை. மீன்பிடித்தல் போன்ற வேறு பிழைப்புகளுக்கு உதவி செய்து, வேட்டையைக் கைவிடுவதாக அவர்களிடம் உறுதி பெற்றனர். நேற்று வலை விரித்தவர்களில் சிலர் இன்று பறவைகளின் காவலர்களாக இருக்கின்றனர். அவர்களும் நம்மைப் போலவே கஞ்சியும் மீனும் உண்ணும் கரையோர முஸ்லிம்கள்தாம்.

எங்கள் தெருவில் நாங்கள் மூவர் கூடிப் பேசினோம். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நண்டு வலை வாங்க அவருக்கு ஒரு தொகையைக் கைமாற்றாகக் கொடுத்தோம். முடிந்தபோது சிறிது சிறிதாகத் திருப்பினால் போதும் என்றோம். இந்தப் பருவத்தில் அவர் நண்டு கொண்டுவந்து விற்கிறார். பறவைக்கு அறவே போவதில்லையா என்று நான் கேட்கவில்லை. நண்டு விற்காத வாரங்களில் அவருக்கு அந்த ஆசை வரக்கூடும். வரும்போது வாங்க ஆளில்லாமல் செய்வது எங்கள் பங்கு.

ஒரு வேண்டுகோள்

வாசக சகோதரிகளே! வீட்டில் எது சமைக்கப்பட வேண்டும், எது வாசலோடு திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்களே. பனிக்குச் சூடு வேண்டுமென்றால் மிளகும் சுக்கும் போட்ட நாட்டுக்கோழிச் சாறு இருக்கிறது, பாயா இருக்கிறது, சளிக்குத் தூதுவளைத் துவையல் இருக்கிறது. உள்ளான் கறிக்கு ஏறிய அந்தச் சூடும் அதில் சேர்த்த மிளகினுடையதுதான் என்று என் மனைவி சொல்வார்.

பிள்ளைகளுக்கு வேறொரு விருந்து வையுங்கள். நீங்கள் இருப்பது கடற்கரையாக இருந்தாலென்ன, ஏரிக்கரையாக இருந்தாலென்ன, தை மாதத்தில் ஒரு காலைப் பொழுது அவர்களை நீர்நிலைக்கு அழைத்துச் செல்லுங்கள். எத்தனை வகைப் பறவைகள் என்று எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வோராண்டும் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகம் எங்கும் ஆர்வலர்கள் இவ்வாறு பறவைகளை எண்ணி இணையத்தில் பதிகின்றனர்; 2015இலிருந்து இது நடந்து வருகிறது. அதில் கலந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கால் மணி நேரப் பொறுமையும், கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையும் போதும். பறவையின் பெயர் தெரியாவிட்டால், பம்பாய்ச் சிறுவனைப் போல் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

சித்திரை வந்தால் இந்த விருந்தாளிகள் விடைபெறுவர். அதற்குள் அவை நம் சேற்றில் உண்டு, வழிக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும். இந்தச் சில மாதங்கள் அவற்றை நிம்மதியாக மேயவிட்டால் போதும்; வேறெந்த உபசாரத்தையும் அவை நம்மிடம் கேட்கவில்லை.